ஜூலை மாதத்து மதியச் சாப்பாடு: வாசகர் கேள்விகள், டீச்சர் பதில்கள்

போன இதழில் ஓய்வூதியக் கணக்கைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். நடுவே ஒரே ஒரு வரி, கோடையில் வாரத்துக்கு இரண்டு நாள் நூலக வாசலில் குழந்தைகளுக்கு மதிய உணவு எடுத்துக் கொடுக்கப் போகிறேன் என்று. ஓய்வூதியத்துக்கு வந்த கடிதம் ஒன்று. அந்த ஒரு வரிக்கு வந்தவை பதினேழு. சரி, இந்த மாதம் முழுக்க அதுவே இருக்கட்டும்.

டீச்சர், பக்கத்து ஊர் நூலகத்துக்கு என் ஒன்பது வயது மகனைக் கூட்டிப் போனேன். வாசலில் எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசமாகச் சாப்பாடு கொடுத்தார்கள். பேர் கேட்கவில்லை, வருமானம் கேட்கவில்லை. அவனும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டான். நாங்கள் இருவரும் வேலை பார்க்கிறவர்கள். ஒரு ஏழைக் குழந்தையின் சாப்பாட்டைப் பிடுங்கிவிட்டோமோ என்று இரவெல்லாம் உறுத்துகிறது.
*(வாசகி, கேன்டன், மிச்சிகன்)*

நன்றாகத் தூங்குங்கள். நீங்கள் யாருடைய தட்டையும் பிடுங்கவில்லை.

அது அமெரிக்க அரசின் கோடை உணவுச் சேவைத் திட்டம். 1968-இல் சோதனையாகத் தொடங்கி, 1975-இல் தனித் திட்டமானது. பள்ளியில் இலவசமாகவோ குறைந்த விலையிலோ சாப்பிடத் தகுதியுள்ள பிள்ளைகள் ஒரு வட்டாரத்தில் பாதியோ அதற்கு மேலோ இருந்தால், அங்கே எல்லோருக்குமாக ஒரு உணவு மையம் திறக்கலாம். 18 வயது வரை யார் வந்து நின்றாலும் கொடுப்பார்கள். தகுதி அந்த வட்டாரத்துக்குத்தான், வரிசையில் நிற்கிற பிள்ளைக்கு இல்லை. கொடுத்த ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் மத்திய அரசு நடத்துகிறவர்களுக்குக் காசு தருகிறது.

உங்கள் மகன் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டதில் ஒரு நல்லதும் நடந்திருக்கிறது. அவன் பக்கத்தில் இருந்த பையனுக்கு அது தர்மச் சாப்பாடாகத் தெரிந்திருக்காது, நூலகத்தில் எல்லோரும் சாப்பிடுகிற சாப்பாடாகத்தான் தெரிந்திருக்கும். பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயம். தெரிந்த முகம் ஒன்று எதிரே வந்தால் வரிசையிலிருந்து நழுவிப் போகிற பெண்களை நானே பார்த்திருக்கிறேன்.

எனக்கு உறுத்துவது வேறு. அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று ஒரு விதி உண்டு. எங்கள் மையத்தில் ஒரு பழமோ கேரட்டோ மட்டும் கையோடு போகலாம், பால் போகக் கூடாது, சாண்ட்விச்சும் போகக் கூடாது. போன ஜூலையில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி பாதி சாண்ட்விச்சை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தாள். வீட்டில் தம்பிக்குக் காய்ச்சலாம். நான் அந்தப் பக்கம் திரும்பி நாப்கின் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவளோடு வந்த பாட்டியும் சாப்பிட்ட மாதிரி தெரியவில்லை. ஆனால் பெரியவர்கள் சாப்பிட்டால் அந்தக் கணக்குக்கு அரசு காசு கிடையாது.

கோவிட் காலத்தில் இந்த விதியைத் தளர்த்தி வீட்டுக்கு எடுத்துப் போக விட்டார்கள். 2022 டிசம்பரில் வந்த சட்டத்துக்குப் பிறகு, உட்கார்ந்து சாப்பிட மையம் இல்லாத கிராமப்புறங்களுக்கு மட்டும் அது நிரந்தரமாகியிருக்கிறது. நகரத்துத் தம்பிக்குக் காய்ச்சல் வந்தால் பழைய விதிதான்.

நான் ஒரு ப்ராஜெக்ட் மேனேஜர். எங்களுக்கு எல்லாமே எண்தான். 2007-இல் 11 கோடியே 30 லட்சம் சாப்பாடு, 2016-இல் 14 கோடியே 90 லட்சம் சாப்பாடு என்று ஓரிடத்தில் படித்தேன். மூன்றில் ஒரு பங்கு வளர்ச்சி! இது வெற்றிதானே? இதற்கு மேல் என்ன மதிப்பீடு வேண்டியிருக்கிறது?
*(வாசகர், நேப்பர்வில், இல்லினாய்)*

தம்பி, ஊரில் கல்யாண வீட்டில் இலை எண்ணியிருக்கிறீர்களா? என் சித்தப்பா எண்ணுவார். "மொத்தம் அறுநூற்றி நாற்பது இலை விழுந்தது" என்று சாயந்தரம் திண்ணையில் உட்கார்ந்து பெருமையாகச் சொல்வார். அதில் அவரே இரண்டு பந்தியில் உட்கார்ந்திருப்பார். நாதஸ்வரக்காரர் வீட்டுப் பிள்ளைகள் காலையிலும் மத்தியானமும் சாப்பிட்டிருப்பார்கள். அறுநூற்றி நாற்பது இலைக்கு எத்தனை வயிறு? பத்திரிகை போகாத வீடு எது? இலைக் கணக்கில் இது எதுவும் இருக்காது.

நீங்கள் சொன்ன எண் சரிதான். அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகக் கணக்குப் பார்க்கிற ஜி.ஏ.ஓ. 2018-இல் கொடுத்த அறிக்கையில் வருகிறது. அதே அறிக்கை திட்டத்தின் மேல் சொல்கிற முக்கியமான குறையும் இதுவே. திட்டம் எண்ணுவது சாப்பாட்டை. எத்தனை குழந்தைகள் என்பது அதிலிருந்து போடுகிற உத்தேச மதிப்பீடு. ஜூலை மாதத்துச் சராசரி தினசரி வருகை என்று மாநிலங்கள் ஓர் எண் அனுப்பும். ஒரு மாநிலம் போட்ட முறை இன்னொரு மாநிலம் போட்ட முறை இல்லை. சில மாநிலங்களில் அதிகக் கூட்டம் வருவதே ஜூலையில் இல்லை. எல்லாவற்றையும் கூட்டி நாட்டுக்கு ஒரே எண் சொன்னால், அது சித்தப்பாவின் திண்ணைக் கணக்குதான்.

எங்கள் மையத்தில் சாப்பாட்டை எண்ணித் தாளில் கோடு போடுகிற வேலை என்னுடையது என்பதால் சொல்கிறேன். முழுச் சாப்பாட்டையும் பிள்ளை கையில் கொடுக்கிற அந்த நொடியில் தாளில் ஒரு எண்ணை அடிக்க வேண்டும். முன்கூட்டி அடிக்கக் கூடாது, கடைசியில் மொத்தமாகவும் அடிக்கக் கூடாது. ஒழுங்காக நடக்கிறது, குறை இல்லை. போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை 58 அடித்தேன். வியாழக்கிழமை இடியும் மழையும், 6 அடித்தேன். மீதி ஐம்பத்திரண்டு பேர் அன்றைக்கு எங்கே சாப்பிட்டார்கள்? என் தாளில் அதற்குக் கட்டம் இல்லை.

வருகிற பிள்ளைகள் யார் என்று கவனித்தால் இன்னொன்று தெரியும். முக்கால்வாசிப் பேர் நடந்து வருகிறவர்கள். நூலகத்திலிருந்து இரண்டு மைலில், நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம், ஒரு டிரெய்லர் வீட்டுக் குடியிருப்பு இருக்கிறது. அங்கிருந்து ஒரு பிள்ளைகூட வந்து நான் பார்த்ததில்லை. நடைபாதை கிடையாது, அம்மாவும் அப்பாவும் ஷிஃப்ட்டில் இருப்பார்கள், யார் கூட்டி வருவது? பள்ளி நாளில் பஸ் வீட்டு வாசலுக்கு வருகிறது, சாப்பாடு தானாகக் கிடைத்துவிடுகிறது. கோடையில் பஸ்ஸும் இல்லை, சாப்பாடும் இல்லை. பள்ளியில் இலவச உணவு சாப்பிடுகிற பிள்ளைகளில் ஆறேழு பேருக்கு ஒருவர்தான் கோடை மையத்துக்கு வருகிறார் என்று இங்கே பல ஆண்டுகளாகப் பொதுவாகச் சொல்வது இதனால்தான்.

ஆகவே, ப்ராஜெக்ட் மேனேஜர் சார், உங்கள் டாஷ்போர்டில் வராதவர்களுக்கும் ஒரு கட்டம் போடுங்கள்.

நான் ஒரு தாய். 2011-இல் கோடை உணவுக்கு அட்டை கொடுத்துச் சோதித்தபோது, குலுக்கல் போட்டுச் சில வீடுகளுக்குக் கொடுத்துச் சில வீடுகளுக்குக் கொடுக்காமல் விட்டார்களாமே? பசித்த குழந்தையை வைத்துப் பரிசோதனையா? மனசாட்சி இல்லையா டீச்சர்?
*(வாசகி, எடிசன், நியூ ஜெர்சி)*

கோபம் புரிகிறது. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கும் ஒரு காலத்தில் இதே கோபம் இருந்தது.

முதலில் என்ன நடந்தது என்று பார்ப்போம். பிள்ளை மையத்துக்கு வர முடியவில்லையென்றால், சாப்பாட்டுக்கான காசை வீட்டுக்கே அனுப்பிவிடலாமே என்பது யோசனை. நாடாளுமன்றம் 8 கோடியே 50 லட்சம் டாலர் ஒதுக்கியது. 2011-இல் கனெக்டிகட், மிச்சிகன், மிசௌரி, ஆரிகன், டெக்சாஸ் ஆகிய மாநிலங்களில் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு இன்னும் சில மாநிலங்களும், செரோக்கி, சிக்கசா என்ற இரண்டு பூர்வகுடி அரசுகளும் சேர்ந்தன. பள்ளியில் இலவசமாகவோ குறைந்த விலையிலோ சாப்பிடத் தகுதியான பிள்ளைகளில், தேர்வான ஒவ்வொருவருக்கும் கோடையில் மாதம் 60 டாலர், கடையில் தேய்க்கிற ஈ.பி.டி. அட்டையில்.

அந்த ஊர்களில் தகுதியான எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுக்க ஒதுக்கிய பணம் போதாது. அப்புறம் யாருக்குக் கொடுப்பது? முதலில் விண்ணப்பித்தவருக்கு என்றால், இன்டர்நெட்டும் ஆங்கிலமும் உள்ளவர் முந்திவிடுவார். பள்ளி முதல்வர் பரிந்துரைக்கட்டும் என்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை முறையைப் படித்திருப்பீர்கள். பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய சபைக்கே சிபாரிசைப் பற்றி அவ்வளவு பயம் இருந்திருக்கிறது. எல்லோருக்கும் இல்லை என்று ஆனபின் குலுக்கல்தான் உள்ளதில் நியாயமானது.

இன்னொரு காரணமும் உண்டு, இது கணக்கு டீச்சராகச் சொல்வது. அட்டை வாங்கின வீடுகளை மட்டும் மே மாதம் ஒரு தடவை, ஜூலையில் ஒரு தடவை கேட்டோம் என்று வையுங்கள். மே மாதம் பள்ளியில் சாப்பாடு உண்டு. ஜூலையில் கிடையாது. அட்டை கையில் இருந்தும் ஜூலையில் பசி கொஞ்சம் கூடியிருக்கலாம். உடனே, "பார்த்தீர்களா, அட்டை கொடுத்ததும் பசி கூடிவிட்டது" என்று ஒருவர் மேடையில் பேசுவார். அதே ஜூலையில் அட்டை இல்லாத வீட்டில் என்ன நிலை என்று பார்த்தால்தான் அட்டை எவ்வளவு தாங்கியது என்று தெரியும்.

பசியை எப்படி அளந்தார்கள்? எடையும் பார்க்கவில்லை, ரத்தமும் எடுக்கவில்லை. போனில் கேட்டார்கள். அந்த ஆய்வுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் 1990களின் கடைசியில், படித்துக்கொண்டே ஒரு கருத்தாய்வு அலுவலகத்தில் மணிக் கூலிக்குப் போன் செய்யும் வேலை பார்த்தேன். வீட்டில் சாப்பாட்டுத் தட்டுப்பாடு உண்டா என்று அறிய அமெரிக்க வேளாண் துறை வைத்திருக்கிற 18 கேள்விகளை வாசிப்பதுதான் வேலை. அதே வகைக் கேள்விகள்தான் இதிலும். முதலில் வீட்டைப் பற்றி வரும், அடுத்துப் பெரியவர்களைப் பற்றி, கடைசி 8 கேள்விகள் பிள்ளைகளைப் பற்றி. காசு இல்லாததால் பிள்ளையின் சாப்பாட்டு அளவைக் குறைத்தீர்களா? பிள்ளை ஒரு வேளை சாப்பிடாமல் இருந்ததா? ஒரு நாள் முழுக்க? இந்த எட்டில் ஐந்துக்கு "ஆம்" என்றால் அந்த வீடு மிக மோசமான பிரிவில் போகும்.

அந்த வரிசையின் அர்த்தம் வாசிக்க வாசிக்கத்தான் எனக்குப் புரிந்தது. அம்மாக்கள் முதல் பகுதியில் தயங்காமல் ஆம் சொல்வார்கள். நான் சாப்பிடவில்லை, ஆம். நான் இளைத்துவிட்டேன், ஆம். பிள்ளைகள் பகுதி வந்ததும் குரல் மாறும். ஒரு பெண், பின்னால் டிவியில் கார்ட்டூன் ஓடுகிற சத்தம், ஒவ்வொரு கேள்விக்கும் "இல்லை, இல்லை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எட்டாவது கேள்வி வரைக்கும் போகவில்லை. "மன்னிக்கணும், மூணாவது கேள்வியை இன்னொரு தடவை வாசிப்பீர்களா?" என்றார். வாசித்தேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அதற்கு ஆம் என்று போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். இந்த எண்களில் பிழை இருந்தால் அது எந்தப் பக்கம் சாயும் என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். குறைத்துச் சொல்கிற பக்கம்தான்.

சரி, குலுக்கலில் என்ன தெரிந்தது? 60 டாலர் கிடைத்த வீடுகளில், பிள்ளைகள் அந்த மிக மோசமான பிரிவில் விழுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நல்ல சேதி. பிற்பாடு 30 டாலரையும் 60 டாலரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கடும் பசியைக் குறைப்பதில் 30 டாலரும் கிட்டத்தட்ட அதே வேலை செய்தது. ஆனால் அதைவிட லேசான உணவுத் தட்டுப்பாட்டிலும், பழம், காய்கறி, முழுத்தானியம் சாப்பிடுவதிலும் 60 டாலர்தான் மேல்.

எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான். சில இடங்களில், ஏழை வீடுகளுக்கு அரசு தருகிற உணவு உதவியான ஃபுட் ஸ்டாம்ப் மாதிரி எந்த உணவும் வாங்கலாம் என்று விட்டார்கள். மற்ற இடங்களில் கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்குமான 'விக்' திட்டம் மாதிரி பால், முட்டை, பீன்ஸ், கோதுமை ரொட்டி, காய்கறி என்று பட்டியல் போட்டார்கள். பட்டியல் போட்ட ஊர்களில் பிள்ளைகள் சத்தானதைக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அதே ஊர்களில்தான் அட்டையில் கணிசமான காசு செலவழியாமலே போனது. பட்டியலில் உள்ள ரொட்டி அந்தக் கடையில் இருக்காது, இருந்தால் அளவு வேறாக இருக்கும், பின்னால் வரிசை நிற்கும், இவர் எல்லாவற்றையும் திருப்பி வைத்துவிட்டுப் போவார். என்னைக் கேட்டால் பட்டியல் இல்லாத அட்டைக்குத்தான் என் ஓட்டு. என் மருமகள் டயட்டீஷியன், அவள் பட்டியல் கட்சி. எங்கள் வீட்டில் இதைப் பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை.

குலுக்கலில் விட்டுப்போன வீடுகளுக்கு அந்தக் கோடையில் அட்டை கிடைக்கவில்லை என்பது உண்மை. அதற்கு என்னிடம் சமாதானம் இல்லை. அந்த வீடுகள் போனை எடுத்துப் பதில் சொன்னதால்தான் இன்றைக்குச் சட்டத்தில் இந்த அட்டை நிரந்தரமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

எங்கள் மாநிலத்தில் ஏன் அந்த அட்டை இல்லை?
*(வாசகர், ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்)*

2024-இல் நிரந்தரத் திட்டமானபோது அதற்கு 'சன் பக்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். அந்த ஆண்டு பிள்ளைக்கு மாதம் 40 டாலர், கோடைக்கு 120. பிள்ளைக்குப் போகிற தொகை முழுவதும் மத்திய அரசுடையது. நிர்வாகச் செலவில் பாதியை மாநிலம் போட வேண்டும். முதல் ஆண்டு 37 மாநிலங்கள் சேர்ந்தன, டெக்சாஸ் சேரவில்லை. 2011-இல் சோதனை நடந்ததில் உங்கள் மாநிலமும் ஒன்று என்பதைக் கவனித்தீர்களா? நெப்ராஸ்கா முதலில் மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் பிறகு மனம் மாறியது. அயோவா ஆளுநர் கிம் ரேனால்ட்ஸ், பிள்ளைகள் குண்டாகிக்கொண்டிருக்கிற காலத்தில் இந்த அட்டையால் சத்துக்கு ஒன்றும் நடக்காது என்று சொல்லி மறுத்தார். மேலே சொன்ன ஆய்வில் பிள்ளைகள் பழமும் காய்கறியும் கூடுதலாகச் சாப்பிட்டார்கள் என்றுதான் இருக்கிறது. அறிக்கை வந்தது 2016-இல். படிக்க நேரம் இருந்தது.

உங்கள் மாநிலப் பிரதிநிதிக்கு எழுதுங்கள். உங்களுக்கு ஓட்டுரிமை இல்லையென்றாலும் எழுதலாம். நான் கிரீன் கார்டில் இருந்தபோதே எழுதியிருக்கிறேன், பதிலும் வந்தது (அச்சடித்த பதில்தான்).

என் மகள் பத்தாம் வகுப்பு. காலேஜ் விண்ணப்பத்துக்காகக் கோடை உணவு மையத்தில் தொண்டு செய்யலாமா?
*(வாசகி, கேரி, வட கரோலினா)*

தாராளமாக. தலையை வலைக்குள் கட்ட வேண்டும், போட்டோ நன்றாக வராது. அதைத் தாங்கிக்கொண்டு ஒரு மாதம் வருகிற பெண் என்றால் எங்களுக்கும் அனுப்புங்கள்.

என் அம்மா மன்னார்குடிப் பக்கம் 1983-இலிருந்து சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது என்னோடு இருக்கிறார். உங்கள் வரியைப் படித்துவிட்டு, "எம்.ஜி.ஆர். காலத்திலேயே நாங்க பானையை ஏத்திட்டோம், இவங்க இப்பத்தான் கணக்குப் போடறாங்களா?" என்று கேட்கச் சொன்னார்.
*(வாசகி, நோவை, மிச்சிகன்)*

அம்மாவுக்கு என் வணக்கம். எனக்குத் திருத்துறைப்பூண்டிப் பக்கம், நாம் ஒரே ஆற்றுத் தண்ணீர்தான்.

அவர் சொல்வது சரி. 1982 ஜூலை 1 சத்துணவு. அதற்கும் முன்னால் 1956-இலிருந்து காமராஜரின் மதிய உணவு. நான் அந்தக் காமராஜர் காலத்துப் பிள்ளை. 1961-இலிருந்து கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் வழியாக மக்காச்சோள மாவு, பால் பவுடர், எண்ணெய் எல்லாம் வந்தன. மூட்டையிலும் டின்னிலும் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்கிற படம் இருக்கும், பக்கத்தில் ஆங்கிலத்தில் அமெரிக்க மக்களின் அன்பளிப்பு என்று எழுதியிருக்கும். அந்த மஞ்சள் உப்புமாவின் வாசனை இன்னும் மூக்கில் நிற்கிறது. அமெரிக்கச் சோளத்தை அங்கே தின்று வளர்ந்து, இங்கே வந்து அமெரிக்கப் பிள்ளைக்குப் பால் டப்பா எடுத்துக் கொடுக்கிறேன், வேடிக்கைதான்.

ஆனால் அம்மாவிடம் நான் ஒன்று கேட்க வேண்டும். மே மாதம்? எங்கள் பள்ளிக்கூடம் ஏப்ரல் கடைசியில் பூட்டினால் உப்புமாவும் பூட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் பரவாயில்லை, நெல் இருந்தது. என்னோடு படித்த கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் நுங்கும் ஈச்சம்பழமும் தேடி வாய்க்கால் கரையில் அலைந்தது நினைவிருக்கிறது. நாங்கள் அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு கூடவே போனோம். அறுவடை முடிந்து வயலில் வேலை இல்லாத மாதமும் அதுதான் என்பது வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. 2004 ஏப்ரல் 20 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. வறட்சி என்று அறிவிக்காத ஊரின் மே மாதத்தை அது தொடவில்லை.

அம்மாவிடம் 18 கேள்விக் கணக்கெல்லாம் வேண்டாம். அவர் கையில் அதைவிட நல்ல கணக்கு இருந்திருக்கும். ஏப்ரல் கடைசி வாரம் ஆயா எத்தனை படி அரிசி போட்டார், ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரம் எத்தனை படி போட்டும் பானை காலியானது? மறு சோறு கேட்டு முதலில் எழுந்து வந்த பிள்ளைகள் எந்தத் தெருப் பிள்ளைகள்? கேட்டு எழுதி அனுப்புங்கள். அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதினால் போதும். பேர் போடாமல் அடுத்த இதழில் போடுகிறேன்.